கெப் வண்டியின் முன்மூட்டு

கண்டியில் வாகனத்தை வீட்டிலேயே திருத்த நினைப்பவருக்கு முதலில் வேண்டியது சமதரை. கருவியெல்லாம் பிறகு. ஹந்தானைப் பக்கமோ அம்பிட்டியப் பக்கமோ வீட்டு முற்றம் என்று இருப்பது பெரும்பாலும் ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்கும் சரிவுதான். அந்தச் சரிவில் ஒரு கெப்பின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே கையை விடுவது உயிரோடு விளையாடுவது. ஆகவே கோயில் வெளி, தெரிந்தவரின் கடை முன்றல், தோட்டத்து ஸ்டோர் வாசல் என்று தேடிப் போவார்கள். 1970களிலும் அப்படித்தான் போனார்கள், இன்றும் போகிறார்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் வைப்பதும் மாறவில்லை. அதற்கு மேல் உள்ளவற்றில் பெரும்பாலானவை மாறிவிட்டன.

முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை. பள்ளம் மேட்டுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். ஸ்டியரிங் திருப்பினால் இடமும் வலமும் திரும்ப வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இடங்கொடுப்பது போல் ஜொயின்ட். நமது தோள் மூட்டைப் போல, ஒரு கிண்ணத்துக்குள் உருளும் உருண்டை அது. உருண்டையிலிருந்து நீளும் தண்டு கூம்பாகக் கடையப்பட்டிருக்கும்; சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளைக்குள் அது இறுகி உட்காரும். சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் இரும்புக் கை மேலும் கீழுமாக இரண்டு கொண்ட கெப்பில் ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் நான்கு. தேயத் தொடங்கினால் பள்ளத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். டயரின் ஒரு ஓரம் மட்டும் சீக்கிரம் மழுங்கும். நேர் ரோட்டிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இவ்வளவையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் ஒருநாள் உருண்டை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். சக்கரம் மடிந்து வண்டி ரோட்டில் படுத்துவிடும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீற்றரில். லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு றம்பொடை வழியே இறங்கும் கெப்புக்கு அந்த உயரம் முழுவதும் வளைவுதான். ஒவ்வொரு வளைவிலும் பாரம் வந்து விழுவது இந்த மூட்டுகளில்.

மொரிஸ் மைனரின் முன்மூட்டில் உருண்டை என்பதே இல்லை. 1948இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த அந்தக் காரும், 1953 முதல் அதே உறுப்புகளோடு வந்த சிறு பிக்கப்பும் வேனும் இலங்கையில் நெடுங்காலம் ஓடின; சில இன்றும் ஓடுகின்றன. அவற்றின் முன்சக்கரம் ஒரு செங்குத்தான பின்னில் நின்றது. அந்தப் பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டியிருக்கும். மரை வெட்டிய கட்டைகளுக்குள் அவை ஏறியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் அந்த மரையில்தான் சுழன்றது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரையின் திசை எதிரெதிர் என்பதால் ஒன்றை மற்றதற்குப் பூட்ட முடியாது. லொறிகளில் இன்னும் பழைய முறை: இரும்புத் தூலம், அதன் இரு நுனியிலும் கிங்பின், பின்னைச் சுற்றி வெண்கலப் புஷ்.

இந்த மூட்டுகள் எல்லாம் கிறீஸில் உயிர் வாழ்ந்தவை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை என்பது பழைய சாரதிகளின் கணக்கு. மழை மாதங்களில் தெல்தோட்டை, கலஹா தோட்டங்களுக்குப் போய்வந்த வண்டிகளுக்கு அதுவும் போதாது என்று கிழமை தவறாமல் அடித்தவர்கள் இருந்தார்கள். ஞாயிறு காலையில் வண்டியை ஒரு பக்கம் தூக்குவார்கள். சக்கரம் தரையில் ஊன்றியிருந்தால் பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் ஏறாது. அதனால் தூக்கித்தான் அடிக்க வேண்டும். கிறீஸ் ஏற்றும் நிப்பிளைச் சீலையால் துடைத்து, கிறீஸ் துப்பாக்கியின் வாயைப் பொருத்தி, கைப்பிடியை அழுத்துவார்கள். முதலில் கறுப்பாக, மண் கலந்த கிறீஸ் ஓரத்தால் பிதுங்கும். பிறகு சாம்பல் நிறம். புதிய கிறீஸின் நிறத்திலேயே வெளியே வரும்வரை கையை எடுக்கமாட்டார்கள். எடுத்த பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். எவ்வளவு ஆட்டம் என்பது போன கிழமை ஆட்டத்தோடு ஒப்பிட்டு அந்தக் கைக்குத் தெரியும்.

நான் சிறுவனாக இருந்தபோது மஹியாவப் பக்கம் ஒரு கராஜில் இதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பாஸ் என்று எல்லோரும் அழைத்த முதியவர் மொரிஸ் பிக்கப் கொண்டுவரும் இளைஞர்களிடம் முதலில் கேட்பது, “தம்பி, கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சீங்க?” என்பதுதான். பதில் சொல்லத் தயங்கினால் வேறு எதையும் பார்க்காமல் முன்பக்கத்துக்கே போவார். கிறீஸ் காணாத மொரிஸின் கீழ்க்கட்டை மரையிலிருந்து கழன்று சக்கரம் உள்ளே மடிந்துவிடும். உலகம் முழுவதும் அந்தக் கார் அதற்குப் பேர்போனது. நிறுத்தப் போகும் வேளையில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போதே அது பெரும்பாலும் நடக்கும். மலையிறக்கத்தில் நடந்தவர்களும் உண்டு.

தேய்ந்தால் மாற்றப் புதிது கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை இன்னும் இறுகியது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு நாள் முழுக்கத் தேடினால் கழித்த வண்டியொன்றின் மூட்டுக் கிடைக்கலாம். இல்லாவிட்டால் லேத் பட்டறை. தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் சொந்தப் பட்டறையில் ஃபிட்டர்கள் இருந்தார்கள். தோட்டத்து வண்டிக்கு வேண்டிய புஷ்ஷை வெண்கலத்தில் கடைந்து, ரீமர் போட்டு, பின்னுக்குச் சரியாக அமர்த்தினார்கள். 1958இல் பஸ் சேவை தேசியமயமானதும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் டிப்போக்கள் வந்தன. 1959இல் தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்திலும் ஆட்கள் படித்து வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து உதிரிப்பாகம் வராத நாட்டில் உதிரிப்பாகத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். அந்தக் கைத்திறன் வீண்போகவில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்லலாம். 1990களில் தென்னிலங்கையில் டியுரபிள் கார் கம்பனி மொரிஸ் மைனர் உறுப்புகளைச் செய்து, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பியது.

உருண்டை மூட்டு உலகுக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் 1952இலேயே லிங்கன் கார்களில் முன்பக்கத்துக்கு அது வந்துவிட்டது. மொரிஸ் மைனரை மரையில் நிறுத்திய இஸிகோனிஸே 1959இல் மினி காரை உருண்டையில் நிறுத்தினார். கண்டிக்கு அது பெருமளவில் வந்தது 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு, ஜப்பான் வண்டிகளோடு. டட்சன் 1200 வந்தது, ஹைலக்ஸ் வந்தது, பிறகு மிட்சுபிஷி. மகாவலி வேலைகள் கண்டியைச் சுற்றி நடந்த ஆண்டுகள் அவை. விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது, தெல்தெனியப் பழைய நகரம் நீருக்குள் போனது. சாரதியோடு நாலைந்து பேர் ஏறி, பின்னால் சாமானும் ஏற்றக்கூடிய டபள் கெப் மலைநாட்டுக்கு அளவெடுத்துத் தைத்த வண்டியாயிற்று.

ஆரம்பத்தில் வந்த ஜப்பான் மூட்டுகள் பழைய வழக்கத்தை முற்றாக விடவில்லை. சிலவற்றில் நிப்பிள் இருந்தது. சிலவற்றில் நிப்பிள் பூட்டக்கூடிய இடத்தில் ஒரு சிறு அடைப்புத் திருகு இருந்தது. கழற்றி நிப்பிளைப் பூட்டி அடித்துவிட்டு மறுபடி அடைத்துவிடலாம். பிறகு அதுவும் போயிற்று. உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே வழுவழுப்பான பிளாஸ்டிக், அதற்குள் தொழிற்சாலையிலேயே நிரப்பிய கிறீஸ், மேலே இறப்பர் உறை. இனி யாரும் எதையும் அடிக்க வேண்டியதில்லை. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கவனிப்பு கேட்ட இடத்தில், நல்ல ரோட்டில் ஓடினால் இலட்சம் கிலோமீற்றர்வரை எதுவும் கேட்காத உறுப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை சாரதிக்குத் திரும்பக் கிடைத்தது. இதைச் சிறிய இலாபம் என்று சொல்லமாட்டேன்.

ரோடும் துணை நின்றது. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வழியில் பதினெட்டு வளைவு என்றாலே ஒருகாலம் வயிறு கலங்கும். லொறி ஏறும்போது பஸ் ஒதுங்க இடமில்லாத இறக்கம் அது. இப்போது அகலப்படுத்திக் காபட் போட்டிருக்கிறார்கள். கிராமத்துக்குள்ளும் கொங்கிரீட் ரோடு போயிருக்கிறது. தோட்டத்து உள்ரோடுகள் மட்டும் பல இடங்களில் இன்னும் கருங்கல்லும் மண்ணும்தான். போல் ஜொயின்ட்டைக் கொல்வதும் அவைதான். ஒரு கூரிய கல் இறப்பர் உறையைக் கிழித்துவிட்டால் போதும். மழைத் தண்ணீரும் செம்மண்ணும் உள்ளே போகும். உருண்டையில் துரு பிடிக்கும். இலட்சம் கிலோமீற்றர் என்ற கணக்கு சில மாதங்களில் முடிந்துவிடும்.

இடையில் ஒன்று. 2005இல் இந்தியாவில் டாட்டா ஏஸ் வந்தது. இங்கே டிமோ பட்டா என்ற பெயரில் மரக்கறிக் கடைக்காரர், செங்கல்காரர், பாண் கடைக்காரர் எல்லோரும் வாங்கினார்கள். அந்த வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் பழைய லொறியின் முறை: இரும்புத் தூலம், இலைவில், கிங்பின். போல் ஜொயின்ட்டே இல்லை. கிறீஸ் துப்பாக்கியை எறிந்துவிட்ட வீடுகளில் அது மறுபடி தேவைப்பட்டது.

இப்போது வீட்டில் மாற்றும் வேலைக்கு வருவோம்.

வாங்கும் இடத்திலேயே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் தெரியும். அன்று தேய்ந்த துண்டைச் சீலையில் சுற்றிக் கொண்டுபோய், “இது மாதிரி ஒண்டு” என்று காட்டினால் போதும். இன்று கடைக்கார நானா கேட்பது வேறு. “மேலா கீழா? எந்த வருஷம்? டூ வீலா ஃபோ வீலா? செஸி நம்பர் இருக்கா?” நம்பரைச் சொன்னால் கம்பியூட்டரில் பார்த்துவிட்டு நாலு விலை சொல்வார்: கம்பனி ஒரிஜினல், ஜப்பான் 555, தாய்வான், சைனா. விலை வித்தியாசம் சில வேளை நான்கு மடங்கும் போகும். மேல் மூட்டுக்கு வேண்டுமானால் விலை பாருங்கள். பாரம் தாங்கும் மூட்டுக்குப் பார்க்காதீர்கள் என்பதே என் கருத்து. சுருள்வில் கீழ்க்கையில் உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் பாரம் தாங்குவது கீழ்மூட்டு. பெரிய கம்பனியின் பெயர் இருந்தாலே பயமில்லை என்றும் இருந்துவிட முடியாது. 2005இல் டொயோட்டாவே அமெரிக்காவில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப்களையும் ஜீப் வகை வண்டிகளையும் முன்மூட்டில் கண்ட குறைக்காகத் திருப்பி அழைத்தது.

தேய்வைச் சோதிக்கும் விதம் மாறவில்லை. ஜக்கைக் கீழ்க்கைக்கு அடியில் கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்க வேண்டும். அலவாங்கை டயருக்கு அடியில் கொடுத்து ஒருவர் நெம்ப, மற்றவர் டோர்ச் அடித்து மூட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நக்கிளுக்கும் கைக்கும் இடையில் ஏறி இறங்கும் அசைவு கண்ணுக்குத் தெரிந்தால் மூட்டுப் போய்விட்டது.

கழற்றும்போது கீழ்க்கைக்கு அடியில் ஸ்டாண்ட் நிற்பது முக்கியம். அமுங்கியிருக்கும் வில்லைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சக்கரம், பிரேக், எல்லாம் ஒதுக்கிய பிறகு ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்து, நட்டைத் தளர்த்த வேண்டும். முழுதாகக் கழற்றக் கூடாது. சில மரைகளில் நிற்க விட வேண்டும். இனித்தான் பிடிவாதமான வேலை. கூம்புத் தண்டு ஆண்டுக்கணக்கில் துளைக்குள் இறுகிப்போயிருக்கும். தண்டின் நுனியில் அடித்தால் மரை மழுங்குமே தவிர அது அசையாது. நக்கிளின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டைகொடுத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் அடிக்க வேண்டும். அடி விழும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கண் மயிரிழை அளவு நசுங்கி மீளும். மூன்றாம் அடியோ முப்பதாம் அடியோ, ஒரு கணத்தில் ‘டப்’ என்று தண்டு விடுபடும்; விட்டுவைத்த நட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். நட்டைக் கழற்றியிருந்தால் நக்கிளும் கையும் சட்டென்று பிரிந்து துள்ளியிருக்கும். இந்த இரட்டைச் சுத்தியல் முறை அந்தக் கால பாஸ்மாருடையது. இன்று புலர் இருக்கிறது. திருகத் திருகத் தண்டைத் தள்ளிவிடும். புலரில் இறுக்கம் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு அடி போடுவது, இரண்டு காலமும் சேர்ந்த முறை. அதைவிடச் சிறந்ததை நான் காணவில்லை. தீயால் சூடாக்குவது மட்டும் கூடவே கூடாது. பதமிட்ட இரும்பின் பதம் போய்விடும்.

புதியதைப் பூட்டும் முன் துளையின் உட்புறத்தைச் சுத்தமாகத் துடைத்து, கிறீஸ் படாமல் உலர்ந்த நிலையில் தண்டை ஏற்றி, நட்டைக் கைநூல் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கி, புதிய ஸ்பிளிட் பின் போட வேண்டும். பின் துளை நேர்ப்படாவிட்டால் இன்னும் சற்று இறுக்கி நேர்ப்படுத்தலாம். தளர்த்தி நேர்ப்படுத்தக் கூடாது. இந்த நுணுக்கங்களை ஒரு காலத்தில் கராஜில் ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை செய்தால்தான் கற்க முடிந்தது. இன்று யூடியூப்பில் தமிழிலும் சிங்களத்திலும் யாரோ பொறுமையாகக் காட்டுகிறார்கள். அறிவு ஒருவர் கைக்குள் பூட்டிக் கிடந்த நிலை போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் காணொளியில் சத்தம் கேட்கும், கனம் தெரியாது. அலவாங்கை எவ்வளவு நெம்பலாம், எந்த அளவு ஆட்டம் ஆபத்தில்லாதது என்பதைப் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டும் ஆள் இன்னும் தேவைப்படுகிறார். அவர்கள் குறைந்துவிட்டார்கள்.

கடைசி வேலை, சக்கரங்களை நேர்ப்படுத்துவது. முன்பு பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். இரண்டு டயர்களுக்கும் இடையில் முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு, மரச்சட்டத்தில் பென்சில் கோடு. வித்தியாசம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, இரு பங்கு என்று பேச்சு. இன்று சக்கரங்களில் கண்ணாடித் தட்டுகளை மாட்டி, திரையில் பாகையும் கலையுமாகப் பார்க்கிறார்கள். சரியானது பச்சையில், தவறானது சிவப்பில் வரும் தாள் ஒன்றும் கையில் தருவார்கள். நூல் காட்டாத கோணங்களை அந்தத் திரை காட்டுகிறது. டயர் அதனால் நீண்டு உழைக்கிறது. இதில் பழையதற்காக வருந்த எனக்கு எதுவும் இல்லை.

வருத்தம் வேறொன்றில். நிப்பிள் போனதோடு அடியில் குனிந்து பார்க்கும் பழக்கமும் போயிற்று. கிறீஸ் அடிக்கப் போனவர் பிரேக் குழாய் ஒழுகுவதையும் கண்டார், இலைவில்லில் விழுந்த கீறலையும் கண்டார். இன்று வருடா வருடம் எல்லோரும் கட்டாயம் போவது புகைப் பரிசோதனைக்கு. அங்கே மெஷின் புகையைத்தான் அளக்கிறது. முன்மூட்டை யாரும் ஆட்டிப் பார்ப்பதில்லை. கவனிப்பே கேட்காத உறுப்பைக் கவனிக்க நினைவுபடுத்தும் நாளும் கிழமையும் நம்மிடம் இல்லை.

2020இல் வாகன இறக்குமதி நின்றது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்குப் போனது. எரிபொருள் வரிசை கண்டி நகரைச் சுற்றி வளைந்தது. மூடிய பொருளாதாரத்தின் நாட்களைக் கண்டவர்களுக்கு அது தெரிந்த முகம். புதிய மூட்டின் விலையைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் பழையதையே திருத்திக் கேட்டார்கள். கிண்ணத்தில் துளையிட்டு நிப்பிள் வைத்துக் கொடுத்த பட்டறைகள் உண்டு. உருக்கிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்தி ஆட்டத்தை அடைத்தவர்களும் உண்டு. கெட்டித்தனமான வேலைதான். மொரிஸ் கட்டையை லேத்தில் கடைந்த அதே கெட்டித்தனம். ஆனால் பழைய கட்டை திறந்து மூடச் செய்யப்பட்டது. இது ஒருமுறை மூடினால் மூடியதே என்று செய்யப்பட்டது. உள்ளே உருண்டை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது பிளாஸ்டிக்கால் மறைந்துபோகும். ஆட்டமும் இராது, எச்சரிக்கையும் இராது. மேல் மூட்டில் அந்தத் துணிச்சலைப் புரிந்துகொள்ளலாம். பாரம் தாங்கும் கீழ்மூட்டில் அதைச் செய்து பிள்ளைகளை ஏற்றிச் செல்வதை எந்த விலையும் நியாயப்படுத்தாது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டது. இப்போதைய கெப்கள் சிலவற்றில் மேல் மூட்டு தனியாகக் கழற்றும் பொருளாகவே இல்லை. கையோடு சேர்த்து ஒரே உறுப்பாக வருகிறது. தேய்ந்தால் கம்பனி கையையே மாற்றச் சொல்கிறது. நாலு போல்ட்டில் முடியவேண்டிய வேலைக்கு ஒரு முழுக்கையின் விலை. உருண்டையை மட்டும் தனியாகச் செய்து விற்கும் கம்பனிகளும் வெளியே இருக்கின்றன. பழைய கையிலிருந்து தேய்ந்ததை பிரெஸ்ஸில் அமுக்கி எடுத்துவிட்டுப் புதியதை அமுக்கி, வளையம் போட்டு நிறுத்த வேண்டும். அதற்கு வீட்டு ஜக்கும் சுத்தியலும் போதாது. கையைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப் போய், பிரெஸ் போட்டு, மறுபடி வீட்டில் பூட்டுகிறவர்கள் இப்போதே இருக்கிறார்கள். பிரெஸ் போடும் பையன்களில் சிலர், வேலை முடிந்ததும் கேட்காமலேயே மற்ற மூன்று மூட்டையும் ஆட்டிப் பார்த்தீர்களா என்று விசாரிக்கிறார்கள்.